மதுரையில் ஒரு நன்றித் திருநாள்

குறை சொல்வதற்கென்று யாராவது ஒரு பரிசு ஏற்படுத்தினால், அதை அடைய நம்மை விடத் தகுதி வாய்ந்தவர்கள் கிடைக்கமாட்டார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை மதுரை ஜங்ஷனில் ரெயிலை விட்டு இறங்கியபோது நம்முடைய மனத்தில் ஒரு நீண்ட ஜாபிதா தயாராக இருந்தது. ரெயில் நாற்பது நிமிஷம் தாமதம். வண்டியில் கிடைத்த காப்பிக்கும் வெந்நீருக்கும் உள்ள வித்தியாசம் விலையில் மட்டுமே தெரிந்தது. இரவெல்லாம் கொசு. வெளியே வந்தால் தூறல், தெருவெல்லாம் சேறு. ஆட்டோக்காரர் கேட்ட வாடகைக்கு அந்த ஆட்டோவையே வாங்கிவிடலாம் போலிருந்தது.

வடக்கு மாசி வீதியில் அத்தை வீட்டை அடைந்ததும், ஜாபிதா முழுவதையும் வாசலிலேயே அவிழ்த்து விட்டோம். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலை துவட்டத் துண்டு கொடுத்தார். சூடான இட்டிலியும் தக்காளிச் சட்னியும் பரிமாறினார். பித்தளை டவராவில் நுரை பொங்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார். "சர்க்கரை சற்று அதிகம்" என்று நாம் அபிப்பிராயம் சொன்னோம். வாசலில் தெருக் கூட்டும் அம்மாள் ஒருத்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள். அவளுக்கும் அத்தை காப்பி கொடுத்தார். அதை நாம் கவனிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். பார்த்தோம், ஆனால் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் நண்பர் ஒருவர் வந்து, "உங்களுக்கு ஒரு விநோதமான விருந்து காட்டுகிறேன், வாருங்கள்" என்று அழைத்தார். விருந்து என்ற சொல்லைக் கேட்டால் மறுப்பது நம் குல வழக்கமல்ல. உடனே புறப்பட்டோம்.

வைகைப் பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போனோம். வைகையில் தண்ணீர் ஓடிற்று! இது மதுரைவாசிகளுக்கு ஒரு செய்தி. ஆண்டில் பல மாதம் மணலையும் கோரைப் புல்லையும் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் நதி, அன்று செம்மண் நிறத்தில் இரு கரைகளையும் தொட முயன்றுகொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஜனங்கள் வரிசையாக நின்று, தூரத்து உறவினர் வந்திருப்பதைப் போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோரிப்பாளையத்தைத் தாண்டித் தல்லாகுளம் பக்கம் திரும்பினால், மரங்களுக்கு நடுவில் செங்கல் சிவப்பாக அமெரிக்கன் கல்லூரிக் கட்டடங்கள் தெரிகின்றன. அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834ஆம் ஆண்டில். யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருந்த சபையிலிருந்து ஒரு கிளை போல அது இங்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் புகழ் பெற்ற டேனியல் பூர் பாதிரியாரும் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளிக்கூடங்கள் வைத்து நடத்தினார். பிறகு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி, 1855இல் வாந்திபேதியில் உயிர் நீத்தார். 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் நகரத்துக்கு வந்து, இந்தச் சிவப்புக் கட்டடங்களில் குடியேறியது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்தவர்களின் நிலைமையை நேயர்கள் ஒரு கணம் மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். பாய்க்கப்பலில் பல மாதப் பிரயாணம். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் ஒரு வருஷமே ஓடிவிடும். வெயிலும் காய்ச்சலும் வாந்திபேதியும் இளம் மனைவியரையும் குழந்தைகளையும் கொண்டுபோயின. சமவெளியின் நோய்க்குத் தப்பவே 1845இல் அவர்கள் பழனி மலைமேல் ஏறி முதல் வீடுகள் இரண்டைக் கட்டினார்கள். இன்று நாம் தேனிலவுக்கும் சாக்லேட்டுக்கும் போகும் கோடைக்கானல் நகரம் அப்படித்தான் பிறந்தது. குளிர்ந்த காற்று என்பது அவர்களுக்கு உல்லாசம் அல்ல, உயிர்.

நண்பர் நம்மை அழைத்துச் சென்றது ஒரு சிறு ஓட்டு வீட்டுக்கு. வாசலில் வேப்பமரம், அதன் கீழே கோலம். உள்ளேயிருந்து கைத்தறிப் புடவை உடுத்திய, வெண்மையான தலைமயிருள்ள அமெரிக்க மாது ஒருவர் வந்து, "வாங்க, வாங்க! சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். மதுரைத் தமிழில் மதுரைக்காரர் கேட்பதுபோலவே கேட்டார். இளமையில் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் இருக்கப் பிடிக்காமல் மறுபடியும் வந்தவர். தம் பெயரை அச்சில் போடக் கூடாதென்று நிபந்தனை விதித்தபடியால் அதை இங்கே எழுதவில்லை.

அன்று அவர்கள் நாட்டில் நன்றித் திருநாள். 1621ஆம் ஆண்டு, பிளிமத் என்ற இடத்தில் குடியேறிய ஆங்கிலேயர், முதல் அறுவடை கைக்கு வந்ததும், தங்களைப் பிழைக்க வைத்த அந்நாட்டுப் பூர்வகுடிகளோடு சேர்ந்து விருந்துண்டார்கள். அதன் ஞாபகமாக நடக்கும் பண்டிகை அது. 1863இல் லிங்கன் அதைத் தேசம் முழுவதற்கும் பொதுவாக்கினார். இப்போது நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். நம் பொங்கலுக்குத் தூரத்துச் சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கிறிஸ்தவ சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகையும் அதே குடும்பந்தான். நெல், வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை என்று வீட்டில் விளைந்ததையெல்லாம் கோயிலில் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் போடுவார்கள். ஒரு முட்டைக்குப் பத்து மடங்கு விலை கேட்டு, அதை வாங்கியவர் பெருமையோடு வீட்டுக்குப் போவதை நாமே பார்த்திருக்கிறோம்.

அந்த அம்மாளின் விருந்தில் வான்கோழி இல்லை. வாழையிலையில் சோறு, சாம்பார், அப்பளம், பரங்கிக்காய்க் கூட்டு. "எங்கள் ஊரில் இன்றைக்குப் பரங்கிக்காய் இல்லாமல் விருந்து இல்லை. இங்கே அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், பாருங்கள்!" என்று சிரித்தார். பரங்கிக்காய்! பரங்கிகள் கொண்டுவந்த காய் என்றல்லவா அர்த்தம்? அமெரிக்காக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, நம் பொங்கற்பானைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டது. மிளகாயும் அப்படி வந்ததுதான். மிளகைப் போல் காரமான காய் என்பதால் அந்தப் பெயர். நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அந்தக் கப்பல்களின் பிரயாணிகளே. மதுரை மண் அவற்றை 'நீ எந்த ஊர்?' என்று கேட்கவில்லை.

மனிதர்களைத்தான் கேட்டது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, 'நான் பரங்கி அல்ல' என்று சொல்லவேண்டியிருந்தது. காவி உடுத்தி, மரக்கட்டைப் பாதரட்சை போட்டு, மரக்கறி உணவே உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்ற பெயரோடு அவர் இந்த நகரத்தில் வாழ்ந்தார். தமிழ் உரைநடையின் தொடக்க காலத்து ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாள் ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் அன்றைக்கு எதற்கெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதை அதில் எழுதுவாராம். நாம் தயங்கித் தயங்கி ஒரு பக்கத்தைப் பார்த்தோம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மின்சாரம் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. மண்பானைத் தண்ணீர். பால்காரர் மழையிலும் வந்தார். பூக்காரி மல்லிகை ஒரு முழம் கேட்டதற்கு ஒரு சாண் கூடக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொல்லைப்புறத்துத் தவளையைப் பிடித்து அப்புறப்படுத்தினான். எல்லாவற்றுக்கும் முதலில், தெருக் கூட்டும் அம்மாளின் பெயர் இருந்தது. அவளுடைய மகளுக்குக் காய்ச்சல் குணமாயிற்று என்றிருந்தது.

"இங்கே வந்த முதல் வருஷம் இந்த நோட்டில் குறைகளைத்தான் எழுதினேன்," என்றார். "வெயில், ஈ, காரம், தனிமை. இருநூறு பக்கமும் தீர்ந்துபோயிற்று. புது நோட்டு வாங்கினபோது, இதையாவது வேறு மாதிரி நிரப்பலாமென்று தோன்றியது. அந்நிய ஊரில் இருப்பவளுக்கு ஒன்றும் பாத்தியதை கிடையாது, பாருங்கள். கிடைப்பதெல்லாம் யாரோ கொடுப்பதுதான். அதனால் கண்ணில் படுகிறது."

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் திருவள்ளுவர் செய்ந்நன்றிக்கு ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறாரே, வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லையே, ஏன்?"

நாம் சட்டென்று, "நாங்கள் வாயால் சொல்வதில்லை, அம்மா. காரியத்தில் காட்டுவோம்" என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு, கடைசியாக எந்தக் காரியத்தில் காட்டினோம் என்று யோசித்துப் பார்த்தோம். ஞாபகத்துக்கு வரவில்லை.

விடை பெற்றபோது, "காந்திகிராமம் பார்த்திருக்கிறீர்களா? கெய்தான் இருந்த இடம். நாளைக்குப் போய் வாருங்கள்" என்றார்.

மறுநாள் காலை திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதைக் கவனித்தோம், நோட்டுப் புத்தகத்தின் குணம் சற்று ஒட்டிக்கொண்டது போலும். மேற்கே நாகமலை பாம்பைப் போல் நீண்டு படுத்திருந்தது. சமயநல்லூரைத் தாண்டி வாடிப்பட்டிப் பக்கம் வந்ததும் இரு பக்கமும் நெல் வயல்களும் தென்னந் தோப்புகளும் வாழைக் கொல்லைகளுமாக ஒரே பச்சை. இந்தப் பச்சைக்கும் ஒரு வெளிநாட்டார் காரணம். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்த வேலை 1895இல் நிறைவேறியது. அதை நடத்தி முடித்த என்ஜினீயர் பென்னிகுயிக்கின் படத்துக்கு இன்றைக்கும் தேனிப் பக்கத்து விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். அவர் அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆட்சியை வேண்டாமென்று அனுப்பிவிட்டோம். தண்ணீருக்கு நன்றி சொல்வதை நிறுத்தவில்லை. இதில் ஒரு முரண்பாடும் இல்லை.

கொடைரோடு தாண்டி, சிறுமலை வலப்புறம் நெருங்கி வந்தபோது இறங்கினோம். மதுரையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகள் தெருவில் கொடி கட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்தாற்போல் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிலையம், இன்று ஆஸ்பத்திரியும் பல்கலைக்கழகமுமாகப் பெருகி நிற்கிறது.

ரால்ப் ரிச்சர்ட் கெய்தான் 1898இல் அமெரிக்காவில் மின்னஸோட்டாவில் பிறந்தவர். 1925இல் மதுரை மிஷனுக்கு ஊழியராக வந்தார். அந்தக் காலத்தில் மிஷனரி என்றால் பெரிய பங்களா, வேலைக்காரர், கோடைக்கு மலை வாசம் என்பது சாதாரணம். கெய்தான் காந்தியடிகளைக் கண்டார், கதர் உடுத்தினார், கிராமத்து ஜனங்களோடு எளிமையாக வாழ்வதே தம் மதம் கற்பித்த வழி என்று கண்டுகொண்டார். மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் 1921 செப்டம்பரில் காந்தியடிகள் முழு ஆடையைத் துறந்து அரைத்துணி உடுத்தினார் அல்லவா? அந்த மாடியின் பாடம் பல பேருக்குப் புரிய நாளாயிற்று. இந்த அமெரிக்கருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகள் சர்க்காருக்கு விரோதமாக நடப்பதில்லை என்று உறுதி கூறினால்தான் அப்போது இங்கே தங்கலாம். 1930 மார்ச்சில், உப்பு சத்தியாக்கிரகத்துக்கு முன்னால், வைஸ்ராய்க்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர். அவர் மதுரைக்கு வந்தபோது கெய்தான் தம் வீட்டில் தங்க வைத்து உபசரித்தார். வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டதுதான் குற்றம்! அந்த ஆண்டே அவர் நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து, மைசூர் ராஜ்யத்தில் பணி செய்தார். 1944இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். 1947இல் மறுபடியும் வந்தார். இரண்டு தடவை கதவைச் சாத்திய வீட்டுக்கு மூன்றாவது தடவையும் வருபவருக்கு, அந்த வீட்டில் ஏதோ பெரிய பாக்கியம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பிறகு அவர் போகவேயில்லை. காந்திகிராமத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் ஆயுளைக் கழித்தார். நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த ஜகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதிகளுக்கு அவர் நெருங்கிய தோழர்.

வெயில் ஏறிவிட்டது. பக்கத்துக் கிராமம் ஒன்றின் வழியாக நடந்து வந்தபோது தாகம் தாளவில்லை. கடை எதுவும் கண்ணில் படாததால், ஒரு சிறு காலனி வீட்டு வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், அம்மா" என்று கேட்டோம். முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்தாள்; ஆனால் உள்ளே போகவில்லை. நம் சட்டையையும் கைப்பையையும் பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீகளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டதுபோல் வேறெதுவும் அந்தப் பிரயாணத்தில் சுடவில்லை. 1939 ஜூலை 8இல் வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் நுழைந்தார். கோயிற் கதவு திறந்தது. சட்டங்கள் வந்தன. ஆனாலும் இந்த அம்மாள், தாகத்துடன் வந்த ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்குமுன் இப்படிக் கேட்கவேண்டியிருக்கிறது. எண்ணாயிரம் மைலுக்கப்பாலிருந்து வந்தவர்கள் இந்த மண்ணின் தண்ணீரை நன்றியோடு குடித்தார்கள். இந்த மண்ணிலேயே பிறந்தவளோ, தன் வீட்டுத் தண்ணீரை இன்னொருவர் வாங்கிக் குடிப்பாரா என்று சந்தேகப்படுகிறாள். அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவர்கள் வேறு யாருமில்லை, நாம்தான்.

தண்ணீர் குடித்தோம். குளிர்ந்திருந்தது. இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடித்தோம். தாகத்துக்காக அல்ல. அவள் முகம் மலர்ந்து, "இருங்க, மோர் இருக்கு" என்று உள்ளே ஓடினாள்.

இரவு மதுரை திரும்பியபோது அத்தை தூங்காமல் காத்திருந்தார். தோசை வார்த்துப் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, பெரிய முயற்சி செய்து, "அத்தை, ரொம்ப நன்றி" என்றோம்.

அத்தை திடுக்கிட்டு நம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஏனப்பா, உடம்பு ஏதாவது செய்கிறதா? மழையில் நனைந்தாயா? வீட்டு மனுஷருக்குள்ளே என்ன நன்றி வேண்டிக் கிடக்கிறது?" என்றார்.

காரியத்தில் காட்டுவதுதான் நம் வழக்கம் என்று அந்த அமெரிக்க அம்மாளிடம் பெருமை பேசியது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை தெருக் கூட்டும் அம்மாள் வந்தாள். இந்தத் தடவை கவனித்தோம். அவளுக்கென்று ஒரு நசுங்கிய டம்ளர், வாசல் சுவரின் மாடத்தில் தனியாக இருந்தது. அத்தை பாத்திரத்திலிருந்து உயரத் தூக்கி அதில் காப்பியை ஊற்றுவார்; அவளே கழுவி மாடத்தில் திரும்ப வைத்துவிடுவாள். வருஷக்கணக்காக நடப்பது. அத்தை நல்லவர்; தெருவில் அவரைப்போல் இரக்கமுள்ளவர் இல்லை. அந்த அம்மாளின் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவர். ஆனாலும் டம்ளர் மாடத்திலேதான் இருந்தது. நாமும் வருஷக்கணக்காக அந்த வீட்டுக்கு வந்து போகிறோம்.

நமக்கு வைத்திருந்த பித்தளை டவராவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "இந்தாருங்கள், அம்மா, சூடாயிருக்கிறது" என்று அவளிடம் நீட்டினோம். அவள் வாங்கவில்லை, அத்தையைப் பார்த்தாள். அத்தை நம்மைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. வீதியில் ஒரு பூக்காரி, "மல்லி, மல்லி" என்று கூவிக்கொண்டு போனாள்.

"வாங்கிக்கொள், ஆறிப்போகிறது" என்றார் அத்தை.

அவள் குடித்துவிட்டு வழக்கம்போல் கழுவப் போனாள். அத்தை அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுக்களையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். நம் வீட்டு டம்ளர்களோடு சேர்த்து அதையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பும் ரெயில் ஒரு மணி நேரம் தாமதம். கடைசிவரை அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.